ஒரு வாளிக் கடலின் விலை

ஈப்போ நகரின் மளிகைக் கடையில் ஒரு கிலோ சமையல் உப்பு ஓரிரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. அதே நகரின் வளர்ப்பு மீன் கடையிலோ, பவளத்தொட்டிக்கென்று விற்கப்படும் உப்பு அதைப் போலப் பல மடங்கு விலையில் வாளியிலும் மூட்டையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டும் உவர்க்கும், இரண்டும் நீரில் கரையும். கடல்நீர் என்பது உப்புக் கரைந்த நீர்தான் என்று பள்ளியில் படித்தவருக்கு, இந்த விலை வேறுபாடு வணிகரின் தந்திரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த ஐயம் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்பது தெரிந்தால், கையில் உள்ள பணத்துக்குள் நல்ல உப்பைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று.

கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளில் அலங்கார மீன் வளர்க்கப்படுவதாலும், புக்கிட் மேரா ஏரியின் கெலிசா மீனாலும் பெயர்பெற்ற பேராக் மாநிலத்தில் நன்னீர் மீன் வளர்ப்பு நன்கு பழகிய தொழில். நன்னீர்த் தொட்டிக்குக் குழாய் நீரைச் சற்றுப் பக்குவப்படுத்தினால் போதும். பவளத்தொட்டிக்கோ நீரையே செய்தாக வேண்டும். லூமுட் கடற்கரைக்குப் போய் வேனில் நீரை ஏற்றி வரலாமே என்ற எண்ணம் இயல்பானது என்றாலும், பேராக் கரையோரக் கடல் ஆறுகள் கொண்டுவரும் சேறும் நன்னீரும் கலந்த, அலையாத்திக் காடுகளை ஒட்டிய கலங்கிய கடல். திறந்த கடலின் உவர்மை அங்கே இருப்பதில்லை என்பதோடு, மழை பெய்த வாரத்தில் அது மேலும் குறையும். வாரந்தோறும் தன்மை மாறும் இலவச நீரைவிட, தன்மை தெரிந்த விலை நீரே பவளத்துக்குப் பாதுகாப்பு.

உப்பளத்தில் தங்காதவை

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. கரைந்த உப்பு நீரில் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கிறது, இத்துகள்களே அயனிகள். அந்த 35 கிராமில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேலாகவும், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், சமையல் உப்பின் கூறுகளான இவ்விரண்டு மட்டுமே 30 கிராம் அளவுக்கு இடம்பிடித்துவிடுகின்றன. எஞ்சிய ஐந்து கிராமில் சல்பேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம், பைகார்பனேட்டு ஏறத்தாழ 0.1 கிராம் என்று பங்கு பிரிகின்றன. புரோமைடு, போரான், ஸ்ட்ரான்சியம், ஃபுளூரைடு போன்றவை அதற்கும் கீழே, மில்லிகிராம் கணக்கில் உள்ளன. விலைப் புதிருக்கான விடை இந்த ஐந்து கிராமில்தான் இருக்கிறது.

அப்படியானால் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த கல்லுப்பில் இந்த ஐந்து கிராமும் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்கள் செய்வது, அந்த ஐந்து கிராமை விலக்கும் வேலையைத்தான். பாத்தியில் தேங்கிய கடல்நீர் வெயிலில் சுண்டிப் பாதியளவுக்கு வரும்போது சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக இறங்குகின்றன. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கான பின்னரே சமையல் உப்பு பூக்கிறது. அதை வாரியெடுத்த பிறகு எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. கால்சியம் முன்பாத்தியிலும் மெக்னீசியம் கசப்பு நீரிலும் கழிந்துவிடுவதால், கடைக்கு வரும் கல்லுப்பு கடலிலிருந்து வந்ததே ஆயினும் கடலின் கலவை அதில் இல்லை. உணவுக்கு அது நன்மை, ஏனெனில் மெக்னீசியம் மிகுந்த உப்பு கசக்கும், எளிதில் கசியும். பொடியுப்பில் அயோடினும், கட்டி சேராமல் காக்கும் பொருளும் சேர்க்கப்படுவது கூடுதல் சிக்கல்.

காஸ் ஒதுக்கிவைத்த சுண்ணாம்பு

செயற்கைக் கடல்நீர் என்ற எண்ணம் சாத்தியமானதற்குக் காரணம், கடலின் ஒரு விந்தைப் பண்பு. உலகின் வெவ்வேறு கடல்களின் நீரில் உப்பின் மொத்த அளவு கூடியும் குறைந்தும் இருந்தாலும், உப்புகளுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை என்று அலெக்சாண்டர் மார்செட் 1819-இல் கூறினார். 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் திரட்டிய 77 நீர் மாதிரிகளைப் பகுத்து, அக்கூற்று சரியே என்று வில்லியம் டிட்மார் 1884-இல் உறுதிசெய்தார். விகிதம் நிலையானது என்பதால்தான் கடல்நீருக்குச் சமையற்குறிப்பு போல ஒரு பட்டியல் எழுத முடிகிறது.

அந்தப் பட்டியலை டிட்மாருக்கு முன்பே எழுதிப் பார்த்தவர் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ். கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்வோரும் கடலுயிர்களை வளர்க்க வேண்டும் என்று விரும்பிய அவர், 1854-இல் சமையல் உப்பு, பேதியுப்பாகப் பயன்படும் மெக்னீசியம் சல்பேட்டு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கை மட்டும் நீரில் கலந்து, அதில் கடற்சாமந்தி போன்றவற்றை வாழ வைத்தார். கால்சியம் உப்பு எளிதில் கரையாதது என்றும், தேவையான சிறிதளவு ஊற்றுநீரிலேயே இருக்கும் என்றும் கருதி அதை அவர் சேர்க்கவில்லை. உடம்பில் எலும்புக்கூடு ஏதும் இல்லாத கடற்சாமந்திக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கல்லையே உடம்பாகக் கட்டும் பவளத்தை அந்த நீரில் விட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

1940-இல் லைமனும் ஃபிளெமிங்கும் வெளியிட்ட பட்டியலில் பத்து உப்புகள் இடம்பெற்றன. ஒரு கிலோ நீருக்கு 23.5 கிராம் சமையல் உப்பு, 5 கிராம் மெக்னீசியம் குளோரைடு, 3.9 கிராம் சோடியம் சல்பேட்டு, 1.1 கிராம் கால்சியம் குளோரைடு என்று அது இறங்குமுகமாகச் செல்கிறது. இன்று கடைகளில் விற்கும் தொட்டியுப்புகள் யாவும், எந்த வண்ண வாளியில் வந்தாலும், இப்பட்டியலின் உறவினர்களே.

குன்றும் பவளமும்

கால்சியம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதை ஈப்போவாசிகளுக்கு விளக்குவது எளிது. நகரைச் சூழ்ந்து நிற்கும் வெண்ணிறக் குன்றுகள், தைப்பூசத்தன்று காவடிகள் சென்றடையும் கல்லுமலைக் கோயிலின் குன்று உட்பட, 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல். தொட்டியில் வளரும் பவளம் கட்டும் எலும்புக்கூடும் வேதியியல் முறையில் அதே கால்சியம் கார்பனேட்டு; படிக அமைப்பில் மட்டும் வேறுபாடு உண்டு.

இதைக் கட்டப் பவளத்துக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கால்சியம், மற்றொன்று பைகார்பனேட்டும் கார்பனேட்டும். இந்த இரண்டாவது கையிருப்பைப் பெரும்பாலும் குறிக்கும் அளவைக் கார இருப்பு எனலாம். நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. மீன் வளர்ப்போர் அதை டி.கே.எச். என்னும் அலகில் அளக்கின்றனர்; இயற்கைக் கடலில் அது ஏறத்தாழ 7. ஒரு லிட்டரில் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம், கார இருப்பு 7 முதல் 9 என்பது தொட்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. மெக்னீசியத்தின் பணி மறைமுகமானது: கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே சேர்ந்து தூளாகப் படிந்துவிடாமல் அது தடுக்கிறது.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டால் கால்சியம் கிடைத்துவிடாதா என்ற கேள்வி இவ்வட்டாரத்தில் எழுவது இயல்பே. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் கரிவளியை ஏற்றுச் சற்று அமிலத்தன்மை பெறுவதால்தான் குன்றுகளைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. கடல்நீரோ காரத்தன்மை உடையது, சுண்ணாம்பு ஏற்கெனவே நிரம்பியது. அதில் இட்ட கல் அப்படியே கிடக்கும்.

ஒரு தொட்டியின் ஓராண்டுக் கணக்கு

இனி விலைக்கு வரலாம். 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அது 182 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் இடத்தைப் பிடித்துக்கொள்வதாலும், விளிம்புவரை நிரப்ப முடியாததாலும், உண்மையான நீர் 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 லிட்டர் நீரை மாற்றினால், ஆண்டுக்கு 26 முறையில் 390 லிட்டர் ஆகிறது. தொடக்கத்தில் நிரப்பியதையும் சேர்த்தால் முதலாண்டுத் தேவை 540 லிட்டர் செயற்கைக் கடல்நீர்.

ஈப்போவின் வெப்பத்தில் நாள்தோறும் ஆவியாகும் நீர் இக்கணக்கில் சேராது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் குறைந்த மட்டத்தை உப்பில்லாத தூய நீரால்தான் நிரப்ப வேண்டும். இதை அறியாமல் உப்புநீரையே ஊற்றிவருவோர் உப்பையும் வீணாக்கி உவர்மையையும் ஏற்றிவிடுகின்றனர்.

கடையில் இரண்டு மூட்டைகள் உள்ளன என்று கொள்வோம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. முதல் மூட்டை 20 கிலோ, 200 ரிங்கிட். அதில் லிட்டருக்கு 40 கிராம் இட்டால்தான் 35 என்ற உவர்மை வருகிறது, ஏனெனில் அதன் உப்புகள் தமக்குள் நீரை மிகுதியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டாவது மூட்டையும் 20 கிலோ, 300 ரிங்கிட். லிட்டருக்கு 36 கிராம் போதும். முதல் மூட்டை 500 லிட்டரைத் தருவதால் லிட்டருக்கு 40 சென். இரண்டாவது 555 லிட்டரைத் தருவதால் 54 சென். மூட்டை விலையில் ஒன்றரை மடங்காகத் தெரிந்த இடைவெளி, லிட்டர் விலையில் சற்றுக் குறுகிவிட்டது. மூட்டையின் எடையைவிட, அது எத்தனை லிட்டர் கடலைத் தரும் என்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த மூட்டையின் அட்டையில் கால்சியம் 420, மெக்னீசியம் 1300, கார இருப்பு 8 என்று பெருமையாக அச்சிடப்பட்டிருக்கும். மலிவு மூட்டையைக் கரைத்து அளந்ததில் முறையே 360, 1150, 7 என்று வந்தது என்போம். இக்குறைகளை நிரப்ப என்ன செலவாகும்? 15 லிட்டருக்கு 3.3 கிராம் கால்சியம் குளோரைடும் 19 கிராம் மெக்னீசியம் குளோரைடும், இரண்டும் கடைகளில் கிடைக்கும் நீரேறிய வடிவில், அரை கிராமுக்கும் குறைவான ஆப்பச் சோடாவும் இட்டால் போதும். முதல் இரண்டும் கிலோ 10 ரிங்கிட் என்று கொண்டால்கூட, 540 லிட்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 8 ரிங்கிட்தான் ஆகிறது. ஆக, மலிவு உப்பைத் திருத்திப் பயன்படுத்துபவருக்கு ஆண்டுச் செலவு 224 ரிங்கிட். உயர்ந்த உப்பை வாங்குபவருக்கு 292 ரிங்கிட். கூடுதலாகச் சேர்க்கும் உப்புகள் உவர்மையையும் சிறிது ஏற்றும் என்பதால், அடிப்படை உப்பைக் கொஞ்சம் குறைத்தே கரைப்பது நல்லது.

இந்தக் கணக்கை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது மூட்டை 240 ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் ஆண்டு முழுவதற்கும் மிச்சம் 9 ரிங்கிட்தான்; அதற்காக இரு வாரத்துக்கு ஒருமுறை தராசோடு போராடுவது அறிவுடைமை ஆகாது. கால்சியம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மலிவு உப்பை ஒதுக்குவதும் அதேபோல் பொருந்தாச் செயல்தான்.

உப்பால் தீராத பசி

உயர்ந்த உப்பை விற்போர் சொல்லும் இன்னொரு காரணம், அதில் கார இருப்பு மிகுதி, ஆதலால் பவளம் விரைந்து வளரும் என்பது. பவளம் கல் கட்டும்போது கார இருப்பில் 2.8 அலகு குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும். இது மாறாத விகிதம். நாளொன்றுக்கு 0.2 அலகு உண்ணும் நடுத்தரத் தொட்டியில் இரு வாரத்தில் 8 என்றிருந்த கார இருப்பு 5.2-க்கு இறங்கும். அப்போது பத்தில் ஒரு பங்கு நீரை 8 அலகு உப்புநீரால் மாற்றினால் தொட்டி 5.5-க்கு ஏறும், 12 அலகு உள்ள விலையுயர்ந்த உப்பால் மாற்றினால் 5.9-க்கு ஏறும். இரண்டுமே போதா. மாறாக, 150 லிட்டர் நீரில் அந்த 2.8 அலகை மீட்க 12.6 கிராம் ஆப்பச் சோடாவும், கால்சியத்தை மீட்க 11 கிராம் கால்சியம் குளோரைடும் போதும். அவற்றை நாள்தோறும் சிறுசிறு அளவாக, வெவ்வேறு நேரத்தில் இட வேண்டும். கற்பவளம் மிகுந்த தொட்டியின் பசியைத் தீர்ப்பது இவைதான். நீரை மாற்றுவதன் பயன் கழிவுகளைக் குறைப்பதிலும் நுண்கூறுகளைப் புதுப்பிப்பதிலும் உள்ளது.

நீக்க முடியாத கறை

இதுவரை பேசியவை யாவும் குறைகள், குறைகளை நிரப்பலாம். உப்பில் வேண்டாதது கலந்திருந்தால் அதை வீட்டில் எவராலும் பிரித்தெடுக்க முடியாது. மட்டமான மூலப்பொருளில் செய்த உப்பு அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் கூடவே கொண்டுவரும். முன்னது உயிர்களுக்கு நஞ்சு, பின்னது பாசியை வளர்த்துப் பவளத்தின் கல்வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே மலிவு உப்பிடம் கால்சியக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம், கறையைப் பொறுக்கக் கூடாது. புது மூட்டை வாங்கியதும் சில லிட்டர் மட்டும் கரைத்து, ஒருநாள் ஓடவிட்டு, அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பார்ப்பது சிறு செலவில் முடியும் காரியம். அதில் தேறாத உப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது மலிவன்று. ஒரே நிறுவனத்தின் உப்பும் மூட்டைக்கு மூட்டை மாறக்கூடும் என்பதால், உற்பத்தித் தொகுதி எண் மாறும்போதெல்லாம் இச்சோதனை தேவைப்படும்.

உப்பைச் சோதித்தவர் நீரை மறந்துவிடுவதும் உண்டு. கிந்தா ஆற்றின் சுல்தான் அஸ்லான் ஷா அணைப் பக்கமிருந்து நகருக்கு வரும் நீர், கருங்கல் மலைத்தொடரில் பிறந்த மென்மையான நீரே என்றாலும், அதில் குளோரின் சேர்க்கப்படுகிறது. சுண்ணாம்புக் குன்றடிக் கிணற்று நீரோ கடினமானது. பழைய ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடுகளின் தகரக் கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. குடிக்கவும் குளிக்கவும் உதவிய அந்நீரில், தகரத்தின்மேல் பூசிய துத்தநாகம் சிறிதளவு கரைந்திருக்கும். மனிதருக்குப் பொருட்டாகாத அந்த அளவு, முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குத் தீங்காகலாம். சவ்வின் வழியே நீரை அழுத்திக் கரைபொருளைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவிக்குச் செலவிடும் பணம், உயர்ந்த உப்புக்குச் செலவிடுவதைவிட முன்னுரிமை பெற வேண்டியது.

கலக்கும் முறை

எப்போதும் நீரில் உப்பை இட வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றலாகாது. சிறிது நீரில் உப்பு முழுவதும் செறிந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்தூளாகிவிடும். ரப்பர்ப் பாலில் அமிலம் பட்டு உறைந்தபின் அது மறுபடி பாலாகாதது போல, அந்தத் தூளும் திரும்பக் கரையாது. காசு கொடுத்து வாங்கிய கால்சியம் வாளியின் அடியில் படிந்து கிடக்கும். நீரைச் சுழலவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, தெளியும்வரை பொறுத்திருப்பதற்குச் செலவேதும் இல்லை. உவர்மையை அளக்கும் ஒளிவிலகல்மானியைத் தூய நீரால் மட்டும் சரிபார்க்காமல், 35 என்று அளவிட்ட உப்புநீரால் சரிபார்ப்பது துல்லியத்தைக் கூட்டும்.

ஈரக்காற்றும் இருபது கிலோ மூட்டையும்

பெரிய மூட்டை மலிவு என்பது வறண்ட நாட்டுக் கணக்கு. தொட்டியுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாமே கசியும் இயல்புடையவை. ஆண்டு முழுதும் ஈரம் குறையாத கிந்தாப் பள்ளத்தாக்கில், வாய் திறந்த மூட்டை சில வாரங்களிலேயே கட்டி சேரத் தொடங்கும். ஈரமேறிய உப்பில் ஒரு கிராம் என்று நிறுப்பதில் ஒரு பகுதி நீர். அதைவிட மோசமாக, மூட்டைக்குள்ளேயே கால்சியமும் கார்பனேட்டும் சந்தித்துக் கரையாப் பொருளாகிவிடவும் கூடும். மேலே கண்ட தொட்டியில் முதல் நிரப்பலுக்கு 6 கிலோ போக, எஞ்சிய 14 கிலோ தீர 46 வாரங்கள் ஆகும். அத்தனை காலம் அதை உலர்வாக வைக்க, அழுத்தி மூடும் வாளிகளில் உடனே பிரித்து அடைப்பது ஒரு வழி. அதே ஊரில் தொட்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் ஒரு மூட்டையைப் பகிர்ந்துகொள்வது அதைவிட நல்ல வழி. பகிர்வதற்கு முன் மூட்டையை நன்கு உருட்டிப் புரட்ட வேண்டும், ஏனெனில் லாரியின் குலுக்கலில் நுண்தூள் அடியிலும் பரல் மேலுமாகப் பிரிந்திருக்கும். அப்படியே அள்ளினால் ஒருவருக்குக் கால்சியமும் மற்றவருக்கு வெறும் உப்பும் மிகுதியாகப் போய்ச் சேரும்.